அனுப்பப் போன விரல் ஏன் நின்றது

போன தீபாவளிக்கு முந்தின வாரம், கோலாலம்பூர் செந்தூலில் அத்தை வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் என் நண்பரும் சேர்ந்து செய்திருந்த தமிழ்ச் சொல் விளையாட்டுச் செயலியை அத்தையின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். வலது கையெல்லாம் மாவு, அதனால் இடது கைக் கட்டைவிரலாலேயே விளையாடினார். இரண்டு சுற்று முடித்தார், மூன்றாவதிலும் ஜெயித்தார், "நல்லா செஞ்சிருக்கீங்கடா" என்றார். கீழே இருந்த பகிர் பொத்தானையும் அவராகவே அழுத்தினார். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழு வரை விரல் போனது. அங்கே போய் நின்றது. அப்புறம் பின்னால் வந்துவிட்டார்.

"ஏன் அத்தை, அனுப்பலையா?"

"அனுப்புனா உங்க பெரியம்மா உடனே கூப்பிட்டு, இத எப்படித் திறக்கிறதுன்னு கேப்பாங்க. மாமா, இது ஏதாச்சும் மோசடியான்னு கேப்பாரு. நான் என்னா பதில் சொல்றது?"

இரண்டு வருடமாக இந்த வேலையில் நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் முறுக்குச் சட்டி பக்கத்தில் கிடைத்தது. மின்பொருள் எதுவாக இருந்தாலும், அது செயலியோ பயிற்சித் தாளோ வாழ்த்தட்டையோ, அது கைமாறுமா மாறாதா என்பது பெரும்பாலும் அனுப்பப் போகிறவரின் கூச்சத்தில் முடிவாகிறது. அத்தைக்கு விளையாட்டு பிடித்திருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு வரப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நாங்கள் செய்த பொருளுக்கு அவர் ஜாமீன் நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடியில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை.

செய்பவர்கள் நாம் இதை யோசிப்பதே இல்லை. பொத்தானை எங்கே வைப்பது, என்ன நிறம், எத்தனை பேரை அழைத்தால் எத்தனை புள்ளி என்று மணிக்கணக்கில் பேசுவோம். பெறுபவருடைய கைப்பேசியில் முதல் பத்து விநாடி என்ன நடக்கும் என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அனுப்புபவர் அதைத்தான் பார்க்கிறார்.

ஒரு பொருளைக் கைமாறிப் பரவ வைக்கும் இந்தத் துறையில் பழைய உதாரணம் ஹாட்மெயில் என்ற இலவச மின்னஞ்சல் சேவை. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று அதைத் தொடங்கினார்கள். முதலீட்டாளர் டிம் டிரேப்பர் சொன்ன யோசனைப்படி, அனுப்பப்படும் ஒவ்வொரு மின்னஞ்சலின் கீழும், ஹாட்மெயிலில் நீங்களும் இலவசமாக மின்னஞ்சல் பெறலாம் என்று ஒரு வரி தானாகச் சேர்ந்தது. 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கும்போது 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அந்த ஒரு வரியின் சாமர்த்தியத்தைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அனுப்புபவர் யாரையும் எதையும் கேட்கவே இல்லை என்பது. அவர் தங்கைக்கு நலம் விசாரித்து எழுதினார், அவ்வளவுதான். கூச்சப்பட வேண்டிய இடமே அதில் வரவில்லை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, கஷ்டமானதில்லை. 100 பேர் உங்கள் பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொருவரும் 5 பேருக்கு அனுப்புகிறார்கள், பெறுபவர்களில் பத்தில் ஒருவர் உள்ளே வருகிறார் என்றால், 500 அனுப்பல்களுக்கு 50 பேர். அந்த 50 பேரிடமிருந்து 25, அப்புறம் 12 என்று தேய்ந்துகொண்டே போய், மொத்தத்தில் 200 பேரோடு அடங்கிவிடும். ஒருவர் மூலம் சராசரியாக ஒருவராவது வந்தால்தான் அது தேயாமல் நிற்கும், அதற்கு மேல் போனால்தான் வளரும். இதில் நிறைய பேர் 5ஐ 10 ஆக்கப் பார்க்கிறார்கள், அதாவது இருப்பவரை மேலும் மேலும் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறார்கள். பத்தில் ஒருவரை ஐந்தில் ஒருவர் ஆக்கினாலும் அதே பலன்தான், யாரையும் தொந்தரவு செய்யவும் வேண்டியதில்லை. போன தடவை அனுப்பியதை நாலு பேர் திறந்து பார்த்து "நன்றி" என்று சொல்லியிருந்தால், அடுத்த தடவை அதே ஆள் யோசிக்காமல் அனுப்புவார். பெறுபவரைக் கவனித்தால் அனுப்புபவரும் சரியாகிவிடுகிறார்.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்பிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. தட்டைக் கொண்டு போகும் பிள்ளைக்குக் கூச்சமே இருக்காது, ஏனென்றால் அது கொடுக்கப் போகிறது, கேட்கப் போகவில்லை. வாங்கிய மலாய்க்கார வீட்டிலும் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், நோன்புப் பெருநாளுக்கு அதில் ஏதாவது வைத்துத்தான் வரும். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் சேவை செய்தது இதைத்தான். நீங்கள் அழைத்து உங்கள் நண்பர் சேர்ந்தால் உங்களுக்கும் கூடுதல் இடம், அவருக்கும் கூடுதல் இடம். 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்தவர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள். எனக்கு மட்டும் ஏதோ கிடைக்கிறது, அதற்காக உன்னை உள்ளே இழுக்கிறேன் என்று இருந்திருந்தால் பாதிப் பேர் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டின் கதையை நான் அடிக்கடி திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஜோஷ் வார்டில் அதை 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். ஜனவரி 2 அன்று 3 லட்சம். அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. நடுவில் டிசம்பரில் என்ன நடந்தது என்று பார்த்தால், பச்சை, மஞ்சள், கறுப்பு அல்லது வெள்ளைக் கட்டங்களாக முடிவைப் பகிரும் வசதி வந்தது. அதைக்கூட அவர் முதலில் யோசிக்கவில்லை. நியூசிலாந்தில் விளையாடியவர்கள் தாங்களாகவே கட்ட எழுத்துகளைத் தட்டி முடிவைப் போட ஆரம்பித்தார்கள், அதைப் பார்த்துத்தான் உள்ளே சேர்த்தார். அந்தக் கட்டங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விடை தெரியாது, அதனால் அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுத்த பாவம் அனுப்புபவருக்கு இல்லை. அந்தப் பகிர்வில் இணைப்பும் கிடையாது, அதனால் விளம்பரம் போலத் தெரியாது, யாரையும் எங்கேயும் இழுக்கவில்லை. வெறும் எழுத்து என்பதால் எந்தக் கைப்பேசியிலும் தெரியும். விளையாடாதவருக்கு அது ஒரு புதிர், விளையாடியவருக்கு "நீ நாலுல முடிச்சியா, நான் மூணு" என்று பேச்சுக்கு ஒரு பிடி. அனுப்புபவர் தன்னைப் பற்றி ஏதோ சொல்லிக்கொள்ளவும் முடிகிறது, பீற்றிக்கொள்வது போலவும் தெரியவில்லை. இவ்வளவும் ஆறு வரிக் கட்டத்துக்குள். நானாக இருந்தால் கண்டிப்பாக ஓர் இணைப்பையும் ஒரு சின்னத்தையும் அதில் ஒட்டியிருப்பேன்.

நம் ஊரிலேயே இதன் மறுபக்கத்தைப் பார்த்த தலைமுறை இருக்கிறது. 2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறன் செல்லினத்தை வெளியிட்டபோது, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது சிரமம். ஆனால் அன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. அனுப்புபவரிடம் செல்லினம் இருந்தால் மட்டும் போதாது, பெறுபவரிடமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் திரையில் தமிழ் எழுத்து வராது. செய்தவர் பக்கம் குறை ஒன்றுமில்லை, காலம் அப்படி. கைப்பேசிகளிலேயே தமிழ் எழுத்துரு வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் யாருக்கும் தமிழில் எழுத முடிந்தது. நம் ஆட்கள் எதையும் படமாக மாற்றி அனுப்பும் பழக்கத்துக்கும் இதில் ஒரு வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்து கட்டம் கட்டமாக உடைந்து போவதைப் பார்த்தவர்களுக்குப் படம்தான் நம்பிக்கை.

சரி, இப்போது இணைப்புக்கு வருவோம், ஏனென்றால் அத்தையின் விரல் நின்றது அங்கேதான். தமிழில் முகவரி வைத்தால் அழகு என்று எங்கள் பக்கங்களுக்கெல்லாம் தமிழிலேயே முகவரி கொடுத்திருந்தோம். உலாவியில் பார்க்க அழகுதான். நகல் எடுத்துப் புலனத்தில் ஒட்டினால் நிலைமை வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறி, அதையடுத்து இரண்டு எழுத்து என்று 3 இடத்தைப் பிடிக்கும். "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. ஐந்துக்கு 15 பைட், 15க்கு 45 இடம். ஒரு சொல்லுக்கே இந்தக் கதி என்றால், நாலு சொல் முகவரி கைப்பேசித் திரையில் எப்படித் தெரியும்? எண்ணும் எழுத்தும் குறியுமாக ஏழெட்டு வரி. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கும் காலத்தில், அந்த ஏழெட்டு வரியைப் பார்த்து மாமா மோசடியா என்று கேட்பது நியாயம்தான். இப்போது முகவரி மட்டும் ரோமன் எழுத்தில், இரண்டே சொல், வாயால் சொல்லும்படி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் தமிழ்ப் பக்கம் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது.

இணைப்போடு வரும் சிறு படமும் தலைப்பும் அதைவிட முக்கியம். ஃபேஸ்புக் 2010ல் கொண்டு வந்த ஓப்பன் கிராஃப் என்ற முறையில், பக்கத்தின் மறைவான பகுதியில் தலைப்பு, விளக்கம், படம் மூன்றையும் நாமே எழுதி வைக்கலாம். புலனமும் அதையே எடுத்துக் காட்டுகிறது. நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று, புலனத்தில் இந்த முன்தோற்றம் அனுப்புபவரின் கைப்பேசியிலேயே தயாராகிறது. அவர் இணைப்பை ஒட்டியதும் கைப்பேசி போய்ப் பக்கத்தைத் தொட்டுப் படத்தை எடுத்து வர வேண்டும். உங்கள் பக்கம் மெதுவாக இருந்தால், அது வருவதற்குள் அவர் அனுப்பு பொத்தானை அழுத்திவிடுவார், பெறுபவருக்கு மொட்டை இணைப்பு மட்டும்தான் போகும். படக் கோப்பு பெரிதாக இருந்தாலும் வராமல் போகும். 1200க்கு 630 அளவில், 300 கிலோபைட்டுக்குள் நாங்கள் வைக்கிறோம். படத்தில் எழுத்து மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் சுருக்கிக் காட்டும்போது தமிழின் சுழிகளும் கொம்புகளும் முதலில் மங்கும், ண-வும் ன-வும் ஒன்று போலத் தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் உணர்ச்சி. எது பரவும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகள் ஏறக்குறைய 7,000ஐ எடுத்து, எவை அதிகமாக மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன என்று பார்த்து 2012ல் வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போல மனத்தைக் கிளறிவிடுகிறவை அதிகம் போயின, சோகம் அடங்கிவிட்டது. பயன்படும் செய்திகளும் நன்றாகப் போயின. இதைப் படித்துவிட்டுக் கோபமூட்டினால் பரவும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பரவும், உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தை அனுப்பியவரின் பெயர் குடும்பக் குழுவில் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒரு செய்தி ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்தால் புலனம் அதற்கு இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுகிறது, 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. அந்தக் கட்டுப்பாட்டால் அப்படிப்பட்ட செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. கை சலித்த பொருள் என்று முகத்திலேயே முத்திரை விழும்போது, அனுப்பும் அண்ணன்களுக்கும் கொஞ்சம் யோசனை வருகிறது.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு நாங்கள் செயலியை ஓரமாக வைத்தோம். அதிலிருந்த சொற்களையே எடுத்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரட்டைக்கிளவி அட்டைகளாகச் செய்தோம். ஓர் அட்டைக்கு ஓர் இரட்டைக்கிளவி, ஒரு படம், ஒரே ஒரு வாக்கியம். பதிவிறக்கம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், புலனத்தில் வந்து விழுந்த இடத்திலேயே படித்து முடித்துவிடலாம். நாட்டில் 500க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள், ஒவ்வொன்றிலும் வகுப்புக்கு ஒரு பெற்றோர் குழு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது ஆசிரியர்கள் எப்போது, எதற்காக அனுப்புகிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல், மறுநாள் பாடத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று ஓர் ஆசிரியர் கேட்பார், இன்னொருவர் கொடுப்பார். கொடுப்பவருக்கு அது பெருமை, "டீச்சர், ரொம்ப நன்றி" என்று பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். நாங்கள் செய்ய வேண்டியது அந்தப் பெருமைக்குக் குறை வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

அதில் சின்னச் சின்ன வேலைகள் நிறைய. முதலில் அனுப்பிய பிடிஎஃப் கோப்பின் பெயர் "இறுதி புதியது 3" என்று இருந்தது. எங்கள் கணினியில் அது எங்களுக்குப் புரியும், ஆனால் புலனத்தில் பெறுபவர் கண்ணில் படும் முதல் எழுத்தே கோப்பின் பெயர்தான். "ஆண்டு 3 இரட்டைக்கிளவி 10 அட்டைகள்" என்று மாற்றியதும், அனுப்புபவர் தனியாக விளக்கம் எழுத வேண்டிய தேவை போனது, எழுதத் தெரியாமல் தயங்கியவர்களும் அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்னொன்று, பின்னணிக்கு அழகான அடர் ஊதா நிறம் போட்டிருந்தோம். பள்ளியில் அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் தாள் முழுக்கக் கறுப்பாகி எழுத்தே தெரியவில்லை என்று பந்திங் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் தாளையே படம் பிடித்து அனுப்பினார். அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்கே போயிருக்கிறார். அன்றைக்கே வெள்ளைப் பின்னணிக்கு மாறினோம்.

எங்கள் பெயரை எங்கே போடுவது என்பதிலும் நண்பருக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம். அவருக்குப் பெரிதாக, நடுவில் நீர்க்குறியாக வேண்டும். நான் பத்துமலைப் படிகளைச் சொன்னேன். 2018ல் அந்த 272 படிகளுக்கும் வண்ணம் அடித்த பிறகு உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. சுற்றிய படங்களில் பெரும்பாலானவை படியை மட்டும் எடுத்தவை இல்லை, படியில் நின்ற ஆட்களை எடுத்தவை. பினாங்கு ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஸகரேவிச் 2012ல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்திலும் அதேதான். சுவரில் நிஜச் சைக்கிள் ஒன்றைப் பதித்துவிட்டார், பக்கத்தில் போய் நிற்க இடம் இருக்கிறது, வருகிறவர் எல்லோரும் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அனுப்புகிறவர் நுழைய அதில் ஒரு காலி இடம் இருக்கிறது. அதனால் எங்கள் பெயரை மூலையில் சிறிதாக வைத்து, மேலே ஒரு வெற்றுக் கோடு விட்டோம், பள்ளிப் பெயரையோ வகுப்பையோ ஆசிரியர் எழுதிக்கொள்ள. நீர்க்குறி போட்டிருந்தால் வெட்டி எடுத்திருப்பார்கள். இப்போது யாரும் வெட்டுவதில்லை, வெட்ட அங்கே ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

ஒன்றை மட்டும் நான் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்ல வேண்டும். இணைப்பாக அனுப்பினால் தவறைப் பிறகு திருத்தலாம், படமாகப் போனதைத் திரும்ப வாங்க முடியாது. முதல் தொகுப்பில் "பளபள" என்பது "பலபல" என்று அச்சாகிப் போய்விட்டது. பலபல என்பதும் தமிழில் இருக்கும் சொல் என்பதால் எழுத்துப் பிழை திருத்தியிலும் மாட்டவில்லை, எங்கள் கண்ணிலும் படவில்லை. நாலாவது நாள் ஜொகூரிலிருந்து ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. திருத்திய அட்டையை எங்களுக்குத் தெரிந்த எல்லாக் குழுவிலும் போட்டோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனாலும் பழைய அட்டை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் பெரியம்மாவே அதைக் குடும்பக் குழுவில் போட்டார், கீழே அத்தை ஒரு கட்டைவிரல் வைத்திருந்தார். மற்ற எல்லா அட்டைகளிலும் மூலையில் இப்போது மாதமும் ஆண்டும் இருக்கின்றன, எது புதியது என்று பெறுபவருக்குத் தெரிய. அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தமிழாசிரியர்கள் உரக்கப் படித்துப் பார்க்கிறார்கள், ல ள ழ மூன்றையும் தனித்தனியாக.